ஆலங்காடு எந்தக் காடு? ஊர்ப்பெயரைச் சான்றாகப் படிக்கும் பாடம்

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில், இடைக்கால இந்திய வரலாற்றுச் சான்றுகளைப் பற்றிய பாடத்தில், 'திருவாலங்காடு செப்பேடுகள்' என்ற பெயர் வருகிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தவை என்று அடிக்கோடிட்டு, ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக மனத்தில் வைத்துக்கொண்டு மாணவர்கள் கடந்துவிடுகிறார்கள். திருவள்ளூர் மாவட்ட மாணவர்களுக்கு அது அரக்கோணம் செல்லும் மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையத்தின் பெயர்; ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் பெயர். பாடநூலில் இருக்கும் பெயரும் பேருந்துப் பலகையில் இருக்கும் பெயரும் ஒன்றுதான் என்று வகுப்பில் சொன்னவுடன் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்து நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அந்தப் பெயர் எப்படி வந்தது?"

எல்லா ஊர் மாணவர்களிடமும் இக்கேள்விக்குப் பதில் இருக்கும். பாட்டி சொன்ன கதை, கோயிலில் கேட்ட கதை, கைப்பேசியில் வந்த செய்தி என்று பல வடிவங்களில் வரும். அவற்றுள் எது கதை, எது சான்று, எது வெறும் ஊகம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே இப்பாடத்தின் நோக்கம். வரலாற்றுப் பாடத்தில் நாம் வளர்க்க விரும்பும் திறன்களுள் இது முதன்மையானது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஊர் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

தொலைவிலுள்ள ஒரு நாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. சொந்த ஊர்ப்பெயரில் பற்று கலந்திருக்கும். அயல்நாட்டுப் பெயரை ஆராயும்போது யாருக்கும் மனத்தாங்கல் வராது. அங்கே பழகிய முறையைப் பிறகு நம் ஊருக்குக் கொண்டுவரலாம்.

மூன்று பெயர் பெற்ற தீவு

உலக வரைபடத்தில் ஐரோப்பாவின் வடமேற்கே, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி ஐஸ்லாந்து என்னும் தீவு நாடு உள்ளது. அதன் மேற்கே கிரீன்லாந்து. முன்னதன் பெயருக்குப் 'பனிக்கட்டி நாடு' என்பது பொருள்; பின்னதன் பெயருக்குப் 'பசுமை நாடு' என்பது பொருள். ஆனால் கிரீன்லாந்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலம் பனிக்கட்டியால் மூடியிருக்கிறது. ஐஸ்லாந்திலோ பனியாறுகள் மூடியுள்ள பரப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பெயர்கள் இடம் மாறிவிட்டனவோ என்று மாணவர்கள் சிரிப்பார்கள்.

இதற்கு உலகெங்கும் ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. ஐஸ்லாந்தில் குடியேறியவர்கள், வேறு யாரும் அங்கே வந்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அச்சுறுத்தும் பெயரை வைத்தார்களாம். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் அந்நாட்டின் பழைய நூல்கள் வேறுவிதமாகச் சொல்கின்றன.

அத்தீவில் மக்கள் குடியேறிய வரலாற்றைச் சொல்லும் 'லாந்த்நாமாபோக்' என்னும் நூலின்படி அத்தீவுக்கு மூன்று பெயர்கள் வைக்கப்பட்டன. நட்டோட் என்பவர் கடலில் திசை தவறி அங்கே ஒதுங்கினார். அவர் திரும்பும்போது மலைகள்மீது வெண்பனி பெய்தது. 'வெண்பனி நாடு' என்றார். அடுத்து கார்தர் என்பவர் கரையோரமாகவே சுற்றி வந்து, அது ஒரு தீவு என்று கண்டார். அது 'கார்தர் தீவு' ஆயிற்று. மூன்றாவதாக வந்தவர் ஃப்ளோகி. மூன்று அண்டங்காக்கைகளைக் கப்பலில் கொண்டுவந்து பறக்கவிட்டுக் கரையைத் தேடியவர் இவர். இவரும் இவருடைய ஆட்களும் கோடை முழுவதும் மீன் பிடிப்பதிலேயே மூழ்கி, கால்நடைக்கு வைக்கோல் சேர்த்துவைக்க மறந்தார்கள். குளிர்காலத்தில் கால்நடைகள் எல்லாம் மடிந்தன. வசந்தம் வந்தும் குளிர் குறையவில்லை. ஒரு மலைமேல் ஏறிப் பார்த்தார். எதிரே கடற்கழி முழுவதும் மிதக்கும் பனிக்கட்டி. 'பனிக்கட்டி நாடு' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயரே நிலைத்தது.

அவருடன் சென்ற தோரோல்ஃப் என்பவரோ ஊர் திரும்பி, அந்நாட்டில் ஒவ்வொரு புல்லிலிருந்தும் வெண்ணெய் சொட்டுகிறது என்று புகழ்ந்தாராம். அதனால் அவருக்கு 'வெண்ணெய்த் தோரோல்ஃப்' என்ற பட்டப்பெயரே வந்தது. ஒரே பயணத்தில் சென்ற இருவர், ஒரே நிலத்தை இருவிதமாகக் கண்டிருக்கிறார்கள்.

பெயர் வைத்து ஆட்களை ஈர்க்க நினைத்தவரும் ஒருவர் உண்டு. அவர் எரிக் என்பவர். நல்ல பெயர் இருந்தால் மக்கள் விரும்பி வருவார்கள் என்று கருதிக் கிரீன்லாந்துக்கு அவர் அப்பெயரை வைத்ததாக, 12ஆம் நூற்றாண்டில் ஆரி என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். கிரீன்லாந்தைப் பற்றிய இந்தச் செய்திதான் காலப்போக்கில் தலைகீழாகத் திரும்பி, ஐஸ்லாந்தைப் பற்றிய கதையாகவும் பரவியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, "பழைய நூல் சொல்வதால் ஃப்ளோகி கதை அப்படியே உண்மையா?" என்று கேளுங்கள். ஃப்ளோகி சென்றது 9ஆம் நூற்றாண்டில். அக்கதையைச் சொல்லும் நூலின் இன்று கிடைக்கும் வடிவங்கள் 13ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை. இடையில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உள்ளன. ஆகவே அதுவும் ஆய்ந்து பார்க்க வேண்டிய செய்திதான். ஆயினும், எந்த நூலில் எப்போது எழுதப்பட்டது என்று தெரிந்த கதைக்கும், யார் எப்போது சொன்னது என்றே தெரியாத கதைக்கும் வேறுபாடு உண்டு.

இதிலிருந்து மூன்று கேள்விகளை மாணவர்களோடு சேர்ந்து கரும்பலகையில் எழுதலாம்.

1. இப்பெயரின் மிகப் பழைய வடிவம் எது? எங்கே, எப்போது எழுதப்பட்டுள்ளது?
2. சொல்லப்படும் விளக்கத்தை மொழி ஏற்கிறதா? காலம் ஏற்கிறதா?
3. அக்கம்பக்கத்துப் பெயர்கள் என்ன சொல்கின்றன?

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஆலங்காட்டுக்கு மூன்று விளக்கங்கள்

திருவாலங்காட்டின் பெயருக்கு வகுப்பில் மூன்று விளக்கங்கள் வரக்கூடும். மூன்றையும் தடுக்காமல் பலகையில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் விளக்கம்: "அங்கே சர்க்கரை ஆலை இருக்கிறது. அதனால் ஆலங்காடு." திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதும், கரும்பு ஏற்றிய வண்டிகள் சாலையில் செல்வதும் மாணவர்கள் அறிந்தவை. எனவே இது தன் கண்ணால் கண்டதிலிருந்து மாணவர் எழுப்பும் ஊகம்; பாராட்ட வேண்டியது. இதை மொழியால் மட்டும் மறுத்துவிட முடியாது. 'ஆலை + காடு, ஆலைக்காடு என்றுதானே வரும்' என்று நாம் சொன்னால், 'பனை + காடு, பனங்காடு ஆகிறதே ஐயா' என்று கூர்மையான மாணவர் கேட்கலாம். அந்த மாற்றம் மரப்பெயர்களுக்கு உரியது என்று விளக்கலாம். அதைவிடக் காலக் கேள்வி எளிதில் முடிவைத் தரும். இந்தச் சர்க்கரை ஆலை 20ஆம் நூற்றாண்டில் வந்தது. ஊர்ப்பெயரோ காரைக்கால் அம்மையார் பாடிய மூத்த திருப்பதிகத்தில் பாட்டுதோறும் இடம்பெறுகிறது. அம்மையாரின் காலம் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆலைக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயர் இருந்திருக்கிறது. விளைவு காரணத்துக்கு முன்னே வர முடியாது என்பதை மாணவர்கள் தாமே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் விளக்கம்: "ஆலம் என்றால் நஞ்சு. நஞ்சு பரவிய காடு என்பதால் ஆலங்காடு." ஆலம் என்ற சொல்லுக்கு நஞ்சு என்ற பொருள் உண்மையிலேயே உண்டு. ஆலம் + காடு = ஆலங்காடு என்று புணர்வதிலும் பிழையில்லை. ஆகவே இலக்கணம் மட்டும் கொண்டு இதைத் தள்ள முடியாது. மூன்றாம் விளக்கத்தோடு வைத்து ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் விளக்கம்: "ஆலமரங்கள் நிறைந்த காடு." ஆல் + அம் + காடு = ஆலங்காடு. நடுவில் வருவது அம் என்னும் சாரியை. மகரம், அடுத்து வரும் ககரத்துக்கு இனமான ஙகரமாகத் திரிகிறது. முன்னால் 'திரு' சேரும்போது வகர உடம்படுமெய் தோன்றித் திருவாலங்காடு ஆகிறது. உயர்நிலை வகுப்புகளில் புணர்ச்சி இலக்கணம் நடத்தும் தமிழாசிரியர்களுக்கு இந்த ஒரு பெயரே மூன்று விதிகளுக்கு எடுத்துக்காட்டாகும்.

இரண்டாவதா, மூன்றாவதா? இங்கேதான் இன்னொரு சான்று உதவிக்கு வருகிறது. அவ்வூர்க் கோயில் இறைவனுக்கு வடாரண்யேசுவரர் என்று பெயர். வடமொழியில் 'வட' என்றால் ஆலமரம். 'ஆரண்யம்' என்றால் காடு. ஆலங்காடு என்ற தமிழ்ப்பெயரை வடமொழியில் பெயர்த்தவர்கள், அதை நஞ்சு என்று கொள்ளாமல் ஆலமரம் என்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள். பெயர்ப்புகள் இப்படிச் சில சமயம் பழைய பொருளைப் பாதுகாத்து வைத்திருக்கும். முதுகுன்றம் என்பது விருத்தாசலம் ஆனதும் இவ்வகைதான். விருத்தம் என்றால் முதிர்ந்தது. அசலம் என்றால் மலை.

ஆலமரம் பற்றி அறிவியல் ஆசிரியரும் இங்கே ஒரு சொல் சேர்க்கலாம். விழுதுகள் மண்ணில் ஊன்றித் தூண்களாவதால் ஒரே மரம் தோப்பாகத் தோன்றும். சென்னை அடையாற்றில் உள்ள பழைய ஆலமரத்தின் நடு அடிமரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்த பின்னும், விழுதுகளின் துணையால் மரம் தொடர்ந்து வாழ்கிறது. ஆகவே 'ஆலங்காடு' என்று சொல்ல ஆயிரம் மரங்கள் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

'காடு' என்ற சொல்லையும் விட்டுவிட வேண்டாம். அடர்ந்த வனம் மட்டுமா காடு? தமிழ்நாட்டின் பல பகுதிகளில் 'காட்டுக்குப் போயிருக்கிறார்' என்றால் மானாவாரி நிலத்துக்குப் போயிருக்கிறார் என்று பொருள். சுடுகாடு, இடுகாடு என்ற சொற்களிலும் காடு உண்டு. காரைக்கால் அம்மையார் பாடும் ஆலங்காடு பேய்கள் உலவும் சுடுகாடு. கள்ளியும் எட்டியும் இலவும் அவர் பாடல்களில் வரும் செடிகொடி மரங்கள். பெயரில் ஆல் இருக்க, பாட்டில் வறண்ட நிலத்துத் தாவரங்கள் இருப்பது ஏன் என்று ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களைக் கேளுங்கள். பாடல் பிறந்த காலத்திலேயே நிலம் மாறியிருக்கலாம். பாடும் பொருளுக்கு ஏற்பக் கவிஞர் தெரிந்தெடுத்திருக்கலாம். மாணவர்கள் காரணத்தோடு பேசட்டும். ஐஸ்லாந்து என்பது ஒரு மலைமேலிருந்து ஒரு வசந்தத்தில் கண்ட காட்சியின் பெயர் அல்லவா? பெயர் வைத்தவர் கண்டதை மட்டுமே பெயர் சொல்லும்.

அக்கம்பக்கத்துக் காடுகள்

மூன்றாவது கேள்விக்கு மாவட்ட வரைபடமே போதும். தொண்டை மண்டலத்தில் 'காடு' என்று முடியும் ஊர்களைத் தேடச் சொல்லுங்கள். மாங்காடு, திருவேற்காடு, பழவேற்காடு, சற்றுத் தெற்கே திருப்பனங்காடு என்று வரும். மா, வேல், பனை என மரத்தின் பெயரோடு காடு சேர்வது இப்பகுதியின் வழக்கம் என்பது தெரிகிறது. ஆலங்காட்டை அந்த வரிசையில் வைத்தால் ஆலமரம் என்ற விளக்கம் மேலும் வலுப்பெறுகிறது.

வேற்காட்டில் ஒரு சிக்கல் உண்டு. 'வேல்' என்றதும் மாணவர்களுக்கு முருகன் கையிலுள்ள வேல்தான் நினைவுக்கு வரும். இங்கே அது வேல மரம். வேல் + காடு, லகரம் றகரமாகி வேற்காடு. ஆனால் இன்று சாலையோரம் எங்கும் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலம் இந்த வேல் ஆகாது. அது அமெரிக்கக் கண்டத்துத் தாவரம். 19ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. திருவேற்காடு அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தேவாரத்தில் பாடப்பட்ட ஊர். பெயரில் உள்ளது நம் நாட்டு வேலம். பெயரில் இருக்கும் மரமும் கண்முன் இருக்கும் மரமும் ஒன்றுதானா என்று கேட்கும் பழக்கம் சூழலியல் பாடத்துக்கும் பயன்படும்.

பழவேற்காட்டை ஆங்கிலத்தில் 'புலிகட்' என்று எழுதுகிறார்கள். அதைப் பார்த்துப் 'புலிகள் வாழ்ந்த காடு' என்று யாராவது சொல்லலாம். பிறமொழியார் காதில் விழுந்தபடி எழுதிய வடிவத்தை வைத்துப் பொருள் தேடினால் இப்படித்தான் வழி தவறும். பழைய தமிழ் வடிவத்தைத் தேடு என்று முதல் கேள்வி சொல்வது இதற்காகவே.

ஆற்காடு இன்னொரு நல்ல பயிற்சி. ஆறு காடுகள் இருந்த இடம் என்று ஒரு விளக்கம் உண்டு. 'ஷடாரண்யம்' என்று அதற்கு வடமொழிப் பெயரும் உண்டு. ஆல் + காடு = ஆற்காடு என்றும் பிரிக்க இடமிருக்கிறது. ஆனால் 'வட ஆர்க்காடு மாவட்டம்' என்று நம் மூத்தவர்கள் எழுதியதை நினைத்துப் பாருங்கள். ஆர்க்காடு என்பதே பழைய எழுத்து. ஆர் என்பது ஆத்தி மரம். சோழர் சூடிய பூ. அதன்படி ஆத்தி மரக்காடு என்பது பொருத்தமாகிறது. முன்பு பெயர்ப்பு நமக்கு வடாரண்யத்தில் உதவியது. இங்கே ஷடாரண்யத்தில் உதவவில்லை. எந்தச் சான்றும் தனியாக நின்று முடிவு சொல்லாது, ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதை மாணவர்கள் இதிலிருந்து உணர்வார்கள். இத்துறையில் மேலும் படிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ரா. பி. சேதுப்பிள்ளை 1946இல் வெளியிட்ட 'தமிழகம் ஊரும் பேரும்' இன்றும் நல்ல தொடக்கம்.

செப்பேட்டில் ஊர்

இனி பாடநூலில் வந்த செப்பேட்டுக்குத் திரும்பலாம். திருவாலங்காடு செப்பேடுகள் 1905இல் கண்டெடுக்கப்பட்டன. மொத்தம் 31 செப்பு ஏடுகள், சோழ அரச முத்திரை பொறித்த வளையத்தில் கோத்தவை. வடமொழிப் பகுதி சோழர் குலவரலாற்றைப் பாடுகிறது. தமிழ்ப் பகுதி, இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1018இல், பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையளித்த செய்தியைச் சொல்கிறது.

தேவாரத்திலும் இவ்வூர் 'பழையனூர் ஆலங்காடு' என்றே குறிக்கப்படுகிறது. ஏன் அடைமொழி? காவிரிக் கரையில் குத்தாலத்துக்கு அருகே இன்னொரு திருவாலங்காடு இருக்கிறது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும்போது பக்கத்து ஊரைச் சேர்த்துச் சொல்வது இன்றும் நம் வழக்கம்தான். பழையனூர் இப்போதும் திருவாலங்காட்டின் பக்கத்தில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் செப்பில் வெட்டிய பெயரை இன்றும் மக்கள் அதே ஒலியில் சொல்கிறார்கள் என்பது மாணவர்களுக்கு வியப்பைத் தரும்.

சோழர் காலக் கொடைகளில் பெண்யானையை நடத்திச் சென்று ஊர் எல்லையைக் குறிப்பது வழக்கம். யானை சென்ற வழியில் உள்ள ஏரி, வாய்க்கால், மரம், புற்று, பக்கத்து ஊர் ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுதினார்கள். அளவைக் கல்லும் செயற்கைக்கோளும் இல்லாத காலத்தில் நிலத்தின் ஆவணம் பெயர்களே. ஏரிக்குப் பெயர் இல்லையென்றால் எல்லைக்கு ஆதாரம் இல்லை.

இது பழங்காலச் செய்தி மட்டும் அன்று. பொன்னேரி, ஊத்துக்கோட்டை, பழவந்தாங்கல் போன்ற பெயர்களைப் பாருங்கள். ஏரியும் ஊற்றும் பெயரிலேயே இருக்கின்றன. தாங்கல் என்பது சிறு ஏரி. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரங்களில் தொழிற்பேட்டைகளும் புதிய மனைப்பிரிவுகளும் வளர்ந்துவருகின்றன. புதிய குடியிருப்புகளுக்குப் புதிய பெயர்கள் வருகின்றன. பழைய பெயர் மறைந்தால், அங்கே தண்ணீர் நின்ற இடம் எது, ஓடிய வழி எது என்ற நினைவும் மறையும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கும்போது, 'இந்த இடத்தின் பழைய பெயர் என்ன?' என்று கேட்கத் தெரிந்த மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் இப்பாடம் வெற்றி பெற்றதாகும்.

வகுப்பறையில் செய்யும் முறை

தொடக்க நிலை (4, 5ஆம் வகுப்புகள்) – ஒரு பாடவேளை

• ஒவ்வொரு மாணவரும் தம் தெரு, ஏரி, குளம், வயல்வெளி, மரத்தடி ஆகியவற்றுள் ஒன்றின் பெயரை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வர வேண்டும்.
• பெயரைத் தனித்தனிச் சொல்லாகப் பிரித்து, படம் வரைய வேண்டும். மாங்காடு என்றால் மாமரம், காடு.
• பெயரில் உள்ளது இப்போதும் அங்கே இருக்கிறதா? 'இருக்கிறது', 'இல்லை', 'தெரியவில்லை' என்று மூன்று பத்திகளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம்.

நடுநிலை (6, 7, 8ஆம் வகுப்புகள்) – இரண்டு பாடவேளைகள்

• முதல் பாடவேளையில் ஐஸ்லாந்து கதையைச் சொல்லி மூன்று கேள்விகளை உருவாக்க வேண்டும்.
• குழுவுக்கு ஓர் ஊர்ப்பெயர் கொடுத்து, கேள்விப்பட்ட விளக்கங்கள் அனைத்தையும் எழுதச் செய்ய வேண்டும்.
• இரண்டாம் பாடவேளையில் ஒவ்வொரு விளக்கத்துக்கும் எதிரே 'சான்று உண்டு', 'சான்று இல்லை', 'காலம் பொருந்தவில்லை' என்று குறிக்கச் சொல்ல வேண்டும். கோயில் கல்வெட்டு, பழைய நிலப் பத்திரம், பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றில் பெயர் எப்படி எழுதப்பட்டுள்ளது என்று ஆசிரியர் துணையோடு பார்க்கலாம்.

உயர்நிலை (9, 10ஆம் வகுப்புகள்)

• தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் இணைந்து நடத்தலாம். புணர்ச்சி விதி ஒருபுறம், காலவரிசை ஒருபுறம்.
• 2020 ஜூன் மாதத்தில், தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியாகி, எழுத்து முறை குறித்த கருத்துகள் எழுந்ததால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தம் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினால் ஒலி சிதையாது என்று மாணவர்கள் எழுதிப் பார்த்து வாதிடலாம்.

பிறமொழி மாணவர்களை மறக்க வேண்டாம். திருத்தணிப் பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர்கள் பலர். செங்கல் சூளைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெற்றோரின் குழந்தைகளும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். 'உங்கள் வீட்டில் ஆலமரத்தை எப்படிச் சொல்வீர்கள்?' என்று அவர்களைக் கேளுங்கள். தெலுங்குக் குழந்தை 'மர்ரி' என்று சொல்லும். இந்தி பேசும் குழந்தை 'பர்கத்' என்றும், ஒடியா பேசும் குழந்தை 'பர' என்றும் சொல்லும். வடாரண்யத்தில் உள்ள 'வட' என்ற சொல்லின் வழிவந்தவையே கடைசி இரண்டும். குஜராத்தின் வடோதரா நகரப் பெயரிலும் அந்த ஆலமரம் இருப்பதாகவே பொதுவாக விளக்கம் சொல்வர். தமிழ் எழுதத் தடுமாறும் அந்தக் குழந்தை, திருவாலங்காட்டுக் கோயிலின் பெயரை விளக்க உதவிய குழந்தையாக அன்று வீடு திரும்பும்.

கவனிக்க வேண்டியவை

தலபுராணக் கதையை மாணவர் சொன்னால் 'அது பொய்' என்று ஒதுக்கிவிட வேண்டாம். மக்கள் தம் ஊரை எப்படி நினைத்தார்கள் என்பதற்கு அக்கதை சான்று. பெயர் பிறந்த காரணத்துக்குச் சான்றா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் பிரித்துக் காட்டினால் போதும். வீட்டில் பெரியவர்களை எதிர்த்துப் பேசும் கருவியாக இப்பாடம் ஆகிவிடக் கூடாது. பெரியவர்களிடம் கூடுதலாகக் கேட்கும் வழியாக ஆக வேண்டும்.

சில தெருப்பெயர்களும் குடியிருப்புப் பெயர்களும் சாதியைக் குறிப்பவை, சில இழிவுபடுத்துபவை. அவற்றை வகுப்பில் உரக்கச் சொல்ல வைத்து எந்தக் குழந்தையையும் குறுகவைக்கக் கூடாது. இயற்கையைக் குறிக்கும் பெயர்களையே முதலில் தெரிந்தெடுப்பது பாதுகாப்பானது.

எல்லாப் பெயருக்கும் விடை கிடைக்காது. 'இதுவரை கிடைத்த சான்றின்படி இவ்வாறு கருதலாம்' என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். உறுதியாகச் சொல்லி ஆதாரம் காட்டாத மாணவரிடம், 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று அன்போடு கேளுங்கள். வளரறி மதிப்பீட்டில் இதற்கான அளவுகோல் எளிது: பழைய வடிவத்தைத் தேடினாரா, இரண்டு விளக்கங்களையாவது ஒப்பிட்டாரா, தம் முடிவுக்குக் காரணம் சொன்னாரா என்று பார்த்தால் போதும்.

குழுக்கள் சேகரித்தவற்றை ஒரு குறிப்பேட்டில் தொகுத்து, பள்ளி நூலகத்தில் வையுங்கள். பெயர், இருக்கும் இடம், சொன்னவரின் வயது, கேட்ட நாள், விளக்கம், சான்று என்று ஆறு பத்திகள் இருக்கட்டும். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதில் சேர்ப்பார்கள், திருத்துவார்கள். ஊரின் மூத்தவர்கள் நினைவில் மட்டும் இருக்கும் ஏரிப் பெயர்களும் வயல் பெயர்களும் இவ்வாறு எழுத்தில் ஏறும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய செய்திகள் இவை. இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.